பரீஹாவின் எடையும் நம் கடைத் தராசும்

தாராவி, மும்பை.
செவ்வாய்க்கிழமை.

கண்ணியம் மிகுந்த மாமா ஜெயினுலாப்தீன் அவர்களுக்கு, மருமகன் கரீம் பாட்சா அஸ்ஸலாமு அலைக்கும் கூறி எழுதிக்கொள்வது. இங்கே நானும் மர்யமும் உங்கள் பேத்தி பரீஹாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். மூவரிலும் பரீஹாதான் அதிக சுகம் என்பதைத் தாங்கள் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இந்தக் கடிதமே அதற்காகத்தான். மாமியின் முழங்கால் வலி தேவலையா. மேலப்பாளையத்தில் மழை உண்டா. இங்கே மழை வந்து குடோன் வாசலில் நின்றுகொண்டு போகமாட்டேன் என்கிறது.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள், போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். உங்களுக்குக் காது மந்தம் என்று மாமி போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார்கள் மாமா. போன தடவை மூலத்துக்கு நல்ல மருந்து எது என்று நான் மெதுவாகக் கேட்டதற்கு மூன்று வீடு தள்ளியிருக்கும் யாரோ ஒருவர் பதில் சொன்னார். இது உங்கள் கண்ணுக்கு மட்டும் உரியது. படித்ததும் கிழித்துவிடவும்.

மர்யம் அழுதுகொண்டே பேசியதைக் கேட்டு, பிள்ளை நாளுக்கு நாள் உருகுகிறாள் என்று நம்பி, அடுத்த வியாழக்கிழமை ரயிலேறி வந்து தாயையும் பிள்ளையையும் ஊருக்குக் கூட்டிப்போய் ஆறு மாதம் வைத்துத் தேற்றி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். டிக்கெட்டும் எடுத்தாயிற்றாம். தயவுசெய்து ரத்து செய்துவிடுங்கள். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. பரீஹா இல்லாத வீட்டில் என்னால் ஆறு மாதம் இல்லை, ஆறு நாள்கூட இருக்க முடியாது. பிள்ளைக்கு ஏன் ஒன்றும் இல்லை என்கிற காரணத்தை மட்டும் மர்யமிடம் என்னால் சொல்ல முடியாது. உலகத்திலேயே அதை நான் சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான்.

நடந்தது இதுதான். போன மாதம் பரீஹாவுக்கு மூன்று நாள் வயிற்றுப்போக்கு. நம் கல்லிச் சந்தில் அங்கன்வாடி நடத்துகிற மராத்திக்கார அம்மா இருக்கிறார்களே, எல்லோரும் தாயி என்று கூப்பிடுவோம், அவர்கள் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கொடுத்து, காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்கச் சொன்னார்கள், தாய்ப்பாலையும் நிறுத்தக் கூடாது என்றார்கள். அப்படியே செய்தோம். நாலாம் நாள் பிள்ளை தவழ்ந்து வந்து என் செருப்பை எடுத்துக் கடித்தாள். நோய் தீர்ந்தது என்பதற்கு எனக்கு அந்த அத்தாட்சி போதும், மர்யமுக்குப் போதவில்லை. நோய்க்கு முந்தின வாரம் அங்கன்வாடியில் பிள்ளை ஒன்பது கிலோ இருந்தாள், இப்போது எவ்வளவு இளைத்திருக்கிறாள் என்று பார்த்துவிட வேண்டும் என்று, நான் லுஹர் தொழப் போயிருந்த நேரம் குடோனுக்கு வந்து, பிளாஸ்டிக் மூட்டை நிறுக்கிற நம் தராசின் மேல் பிள்ளையை உட்கார வைத்துவிட்டாள். ஏழு கிலோ அறுநூற்றைம்பது.

நான் திரும்பி வரும்போது மர்யம் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு தராசுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "பிள்ள ஒண்ணேகால் கிலோவுக்கு மேல கரைஞ்சுட்டுங்க. பாத்தா தெரியலையே, உள்ளுக்குள்ளயே கரையுதா" என்று கேட்டாள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. உங்களுக்கும் இந்நேரம் விளங்கியிருக்கும். நம்முடையது வாங்குகிற கடை, தராசு கிலோவுக்கு நூற்றைம்பது கிராம் குறைத்துத்தான் காட்டும். அது மூட்டை என்றும் பார்க்காது, முதலாளி மகள் என்றும் பார்க்காது. பிள்ளை இளைக்கவில்லை, தராசு அப்படி என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாசலில் மூட்டைகளோடு ஏழு பெண்கள் வரிசையில் நின்றார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டில் வைத்துச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லத்தான் போனேன். "தராசு ஒருவேளை தப்பா இருக்குமோ" என்று ஆரம்பித்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஊர்ல உள்ள காட்டா எல்லாம் ஏமாத்தும், வாப்பா வச்ச காட்டா ஏமாத்தாது" என்றாள். பழைய சாமான் வாங்குகிற இந்தப் பங்கார் தொழிலில் தராசுக்குக் காட்டா என்று பெயர் வைத்தவன் யாரோ, அவன் என் மனைவி இந்த வாக்கியத்தைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து வீட்டில் சமையல் நிற்கவே இல்லை மாமா. விடிந்தால் கேழ்வரகுக் கஞ்சி, அதற்குப் பின்னால் முட்டை, பின்னால் நேந்திரம்பழம் மசித்தது, பேரீச்சம்பழம் ஊறவைத்தது, பருப்புச் சோற்றில் நெய், நடுவில் யார் என்ன சொன்னாலும் அது. பிள்ளை முதல் இரண்டு நாள் மரியாதைக்குச் சாப்பிட்டாள். மூன்றாம் நாள் உதட்டை ஒட்டிக்கொண்டாள். அந்த உதட்டைத் திறக்க ஒருவர் பாட வேண்டும், ஒருவர் கதவைத் தட்டிக் காக்கா வந்துட்டு என்று சொல்ல வேண்டும், ஒருவர் கரண்டியோடு தயாராக நிற்க வேண்டும். மிச்சத்தை வீணாக்கக் கூடாது என்று எனக்குக் கொடுத்துவிடுவாள். பதினைந்து மாதமாகியும் பிள்ளை நடக்கவில்லையே என்று மாமி கவலைப்பட்டார்களாம், இனி வேண்டாம். நடக்கிறாள். எல்லா வீட்டிலும் குழந்தை முதல் அடியைத் தாயை நோக்கி வைக்கும், நம் வீட்டில் தாயிடமிருந்து வைத்தது. கரண்டியைப் பார்த்ததும் எழுந்து நாலு எட்டு வைத்துப் பீரோவுக்குப் பின்னால் போய்விட்டாள். இவ்வளவும் ஆன பிறகு தினம் குடோனுக்குக் கொண்டுவந்து நிறுப்பாள். ஐம்பது கிராம் ஏறும், நாற்பது இறங்கும். மர்யம் அதை ஒரு நோட்டில் கோடு போட்டு வைத்துக்கொண்டு, அந்தக் கோட்டைப் பார்த்து அழுவாள்.

இதற்கிடையில் எனக்கு ஒரு வியாதி பிடித்தது. என் பிள்ளையின் உண்மையான எடைதான் என்ன என்கிற வியாதி. நம் தராசுக் கணக்கைப் பெருக்கிக் கழித்துப் பார்த்தால் ஒன்பது வர வேண்டும், ஆனால் கண்ணால் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அங்கன்வாடிக்குப் போனால் தாயி பயிற்சிக்கு வாஷி போயிருக்கிறார்கள், மாதக் கடைசியில்தான் வருவார்கள் என்றார்கள். சரி என்று ஒரு கையில் பரீஹா, மறு கையில் பிரிக்காத ஐந்து கிலோ கோதுமை மாவுப் பாக்கெட், இப்படிக் கிளம்பினேன். முதலில் மாவை வைப்பது, அது எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்துத் தராசின் குணத்தைத் தெரிந்துகொள்வது, பிறகு பிள்ளையை வைப்பது. ஷேக் பரீத் மட்டன் கடையில் மாவு ஐந்தே முக்கால், பிள்ளை பத்தரை. அந்தக் கறிக்கடைத் தராசில் என் மகள் கொழுகொழுவென்று இருந்தாள், எனக்கு அங்கேயே ஒரு பெருமை. மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் காய்கறிக்காரரிடம் மாவு ஐந்து கிலோ இருநூறு, பிள்ளை ஒன்பதரை, அதில் அரைக்கால் கிலோ அவள் கையில் பிடித்திருந்த தக்காளி. கூரியர் கடையில் மாவு ஐந்துக்கு ஒரு பிடி மேல். "பச்சா எங்க அனுப்பணும் சேட்" என்று அந்தப் பையன் கேட்டான். நம் எதிர்க்கடைப் பங்கார்க்காரனிடம் நைசாக மாவை வைத்துப் பார்த்தேன், நாலரை. அவன் நம்மைவிட யோக்கியன் என்று தெரிந்து எனக்கு இரண்டு நாள் மனசு சரியில்லை. ஒன்று மட்டும் கண்டுகொண்டேன் மாமா: விற்கிறவன் தராசு கொழுக்கும், வாங்குகிறவன் தராசு மெலியும், மும்பையில் ஒரு பொருளின் எடை என்பது அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பதைப் பொறுத்தது. பிள்ளைக்கு இதெல்லாம் பெரிய விளையாட்டு. எந்தத் தட்டைப் பார்த்தாலும் கை தட்டுகிறாள். அவள் வாயிலிருந்து வந்த முதல் சொல் வாப்பாவும் இல்லை, உம்மாவும் இல்லை. காட்டா.

பிள்ளை ஒன்பது கிலோ என்பது எனக்கு நிச்சயமாகிவிட்டது, மர்யமை எப்படித் தேற்றுவது என்று யோசித்தேன். ஒரே நாளில் தராசைத் திருத்தினால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே அவள் நிறுக்கும்போது பக்கத்தில் நின்று, கால் பெருவிரலால் தராசின் ஓரத்தை லேசாக அமுக்க ஆரம்பித்தேன். முதல் நாள் ஏழு தொள்ளாயிரம். மர்யம் சிரித்தாள், எத்தனை நாளைக்குப் பிறகு. இரண்டாம் நாள் எட்டு நூறு. பிரியாணி செய்தாள். மூன்றாம் நாள் பின்னால் ஒரு டெம்போக்காரன் ஹாரன் அடித்துவிட்டான், நான் பதறிக் காலை ஊன்றிவிட்டேன், பதினொரு கிலோ. மர்யம் நோட்டைக் கீழே போட்டுவிட்டுப் பிள்ளையின் கன்னத்தையும் காலையும் அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். "ஒரே நாள்ல மூணு கிலோவா. இது சதை இல்லங்க, உடம்புல நீர் கோத்திருக்கு. டாக்ஸி பிடிங்க."

செம்பூரில் ஒரு குழந்தை டாக்டரம்மா. பரீஹாவை நிறுத்தார், ஒன்பது கிலோ நூற்றிருபது. நீளம் அளந்தார், கையைச் சுற்றி நாடா வைத்துப் பார்த்தார், நடக்கவிட்டுப் பார்த்தார், பிள்ளை அவர் மேசையில் ஏறி ஸ்டெதஸ்கோப்பைப் பிடுங்கினாள். பிறகு மர்யமின் நோட்டை வாங்கி அந்தக் கோட்டை ரொம்ப நேரம் பார்த்தார். "இப்படி ஏறி எறங்குற குழந்தையை நான் பார்த்ததில்லைம்மா. குழந்தை நன்னா இருக்கா. வாயில திணிக்காதீங்கோ, தட்டில வச்சுட்டா அவளே எடுத்துப்பா. மாசத்துக்கு ஒரு தடவை நிறுத்தா போதும், அதுவும் வேற இடத்துல" என்றார். அந்த வேற இடத்துல என்று சொல்லும்போது என்னைப் பார்த்தார். வெளியே வந்ததும் மர்யம் சொன்னாள், "அந்தம்மா காட்டா சரியில்லங்க. பணக்காரப் பிள்ளையள நிறுத்து நிறுத்து அது கெட்டுப்போயிருக்கு." அன்று சாயங்காலம்தான் உங்களுக்குப் போன் போட்டாள்.

இதோடு நின்றிருந்தால்கூட சமாளித்திருப்பேன். மர்யமுக்கு நல்ல மனசு, அதுதான் ஆபத்து. தன் பிள்ளைக்கு வந்தது மற்றப் பிள்ளைகளுக்கும் வந்திருக்குமோ, தாயியும் ஊரில் இல்லையே என்று, போன சனிக்கிழமை கல்லியில் உள்ள தாய்மாரையெல்லாம் கூப்பிட்டு, "எங்க காட்டால வந்து நிறுத்துக்கோங்க, சும்மாதான்" என்று சொல்லிவிட்டாள். பதினொரு பிள்ளைகள் வந்தார்கள். பதினொன்றும் இளைத்துப்போயிருந்தது. கல்லியே கலங்கிவிட்டது. ஒருத்தி தண்ணீர் லாரியைச் சொன்னாள், ஒருத்தி கண்ணேறு என்றாள், இரண்டு பேர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தர்காவுக்கு ஓடினார்கள், கணேசபாண்டியன் மளிகையில் ஒரே மணி நேரத்தில் கேழ்வரகு மாவு தீர்ந்துபோய் அவர் எனக்கு நன்றி சொன்னார். செய்தி கேட்டுத் தாயி நேற்றுக் காலையில் பயிற்சியிலிருந்து நேரே ஓடிவந்தார்கள், கையில் ரிஜிஸ்டரும் துணித்தொட்டில் மாட்டிய தொங்கு தராசும். குடோன் விட்டத்திலேயே மாட்டி ஒவ்வொரு பிள்ளையாகத் தொட்டிலில் போட்டு நிறுத்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் அவரவர் பழைய எடையில் இருந்தார்கள். இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதித் தாயி தலையைச் சொறிந்தார்கள்.

நம்மிடம் ஏழு வருஷமாக மூட்டை போடுகிற சேசம்மாளை உங்களுக்கு நினைவிருக்கும், தூத்துக்குடிப் பக்கத்து அம்மா. அவள் பிள்ளை சாஜன் தொட்டிலில் பதினாலு கிலோ, நம் தராசில் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. சேசம்மாள் பள்ளிக்கூடம் போனதில்லை, ஆனால் கிலோ என்று வந்துவிட்டால் அவளுக்கு விரல்கூட மடக்க வேண்டாம். "பத்துக் கிலோ பிள்ளைக்கு ஒண்ணரை கம்மி. எம்பிள்ளைக்கு ரெண்டுக்கு மேல கம்மி. பெரிய பிள்ளைக்குப் பெரிசா, சின்னப் பிள்ளைக்குச் சின்னதா. இது என்ன சீக்கு தாயி, ரேட்டுப் போட்டு வருது" என்று கேட்டாள். அவள் சாஜனைப் பார்த்தாள். வாசலில் வைத்திருந்த தன் மூட்டையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அல்லாஹ் மேல் ஆணையாகச் சொல்கிறேன் மாமா, மஹ்ஷரில் கேள்வி கணக்குக்கு நிற்கும்போதுகூட எனக்கு இதைவிட வேர்க்காது.

தாயி காட்டா வழியில் குலுங்கிக் கெட்டிருக்கும் என்று சொல்லிவிட்டு, மர்யம் அந்த நேரம் டீ போட வீட்டுக்குப் போயிருந்தாள். சேசம்மாள் கிட்டே வந்து மெதுவாகத்தான் பேசினாள். "அண்ணாச்சி, அந்தப் பிள்ள மர்யம் ஒரு மாசமா அழுதுட்டுக் கெடக்கு. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வருவேன். அதுக்குள்ள நீங்களே சொல்லிட்டீயன்னா நல்லது. இல்லன்னா நான் சொல்லுவேன்." பிள்ளையை இடுப்பிலும் மூட்டையைத் தலையிலும் வைத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனாள். அவன் தராசும் அப்படித்தான் என்று சொல்ல நாக்கு வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. நாலு வருஷத்துக்கு முன்னால் கடையை என் கையில் ஒப்படைத்து ஊருக்குப் போகும்போது, ரயில் கிளம்புகிற நேரத்தில் ஜன்னல் வழியாக, "ரிப்பேர் பாக்குற காசிம் பாயைத் தவிர வேற எவனையும் காட்டால கை வைக்க விடாதீங்க மாப்ளே" என்று சொன்னீர்களே, அப்போதே ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமலே தெரிந்துகொண்டேன், தெரிந்தும் அப்படியே விட்டேன், ஆகவே பழி முழுக்க உங்கள் மேல் என்று சொல்ல வரவில்லை. பாதி என்று சொல்லலாம். ஒரு மாதமாக ஒரு தாயைத் தன் பிள்ளை கரைகிறது என்று நம்ப வைத்து வேடிக்கை பார்த்தேன் என்பதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. அவள் ஊட்டுகிற மிச்சத்தால் எப்படியும் இறங்கிவிடுகிறது, அது வேறு.

ஆகவே ஒரு யோசனை. இது உங்களுக்கு வெள்ளிக்கிழமை கிடைக்கும். சனிக்கிழமை நீங்கள் மர்யமுக்குப் போன் செய்து, ஸ்பீக்கரிலேயே இருக்கட்டும், "மழைக்காலத்துல அந்தக் காட்டா ஈரம் பட்டுச் சோர்ந்துபோவும்மா, நம்ம காலத்துலயும் அப்படித்தான், காசிமை விட்டு ஒருக்கா பாக்கச் சொல்லு" என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் அவள் நம்புவாள். நான் காசிமை அழைத்துத் திருத்திவிடுகிறேன், இனி அது ஒரு கிராம்கூடப் பொய் சொல்லாது, சத்தியம். நம் இருவர் மானமும் மிஞ்சும், பரீஹாவும் என்னோடு இருப்பாள். நீங்கள் வர மட்டும் வேண்டாம். வந்தால் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியிருக்கும்.

மாமிக்கும் மச்சான் சைஃபுக்கும் வீட்டில் உள்ள பெரியவர்கள் அனைவருக்கும் என் ஸலாம். உங்கள் துஆவில் என்னைச் சேர்த்துக்கொள்ளவும், இந்த வாரம் கொஞ்சம் அழுத்தியே சேர்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
கரீம் பாட்சா.

பின்குறிப்பு, புதன்கிழமை மத்தியானம்: மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். கூரியருக்குக் கொடுக்கக் கவரை ஒட்டிக்கொண்டிருந்தபோது மர்யம் பிள்ளையோடு வந்தாள். தராசில் உட்கார வைத்து, எண்ணைப் பார்த்து, பிள்ளையின் தலையைத் தடவிக்கொடுத்தாள். என்னால் தாங்க முடியவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. எழுந்து போய் எதிர்க்கடை வாசலிலிருந்து சேசம்மாளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள், காசிம் பாயை வரவழைத்தாள், எல்லோர் முன்னாலும் தராசைத் திருத்தச் சொன்னாள். பரீஹா ஒன்பது கிலோ இருநூறு. சேசம்மாள் மூட்டைக்கு இனி ஏழு வருஷம் கிலோவுக்கு நூற்றைம்பது கிராம் கூட்டிப் போட வேண்டும் என்று உத்தரவு. அதோடு முடிந்தது என்று நினைத்தேன். வேலை முடித்துக் கிளம்பிய காசிம் பாயிடம், மின்சாரத் தராசு வருமுன் எப்படி என்று அவள் சும்மா கேட்பதுபோல் கேட்டாள். அந்தக் காலத்தில் நீங்கள் வைத்திருந்த படிக்கல் அடியில் ஈயம் ஊற்றிக் கொடுத்ததே தன் கைதான் என்று அந்த மனுஷன் பெருமையாகச் சொல்லிவிட்டார். சின்ன வயதில் பெருநாளுக்குப் பெருநாள் அந்தக் கல்லை வைத்துத்தான் மர்யமை நிறுத்தீர்களாம். நிறுத்து நிறுத்து, நோஞ்சான், நோஞ்சான் என்று சொல்லி, எட்டு வயது வரை காலையில் ஒரு கரண்டி, ராத்திரியில் ஒரு கரண்டி மீனெண்ணெய் குடிக்க வைத்தீர்களாம். அது தெரிந்து செய்ததா தெரியாமல் செய்ததா என்று உங்களை நேரில் கேட்க வேண்டும் என்கிறாள். டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டாம், கட்டாயம் வரவும். இப்போதுதான் மருந்துக் கடைக்குப் போய் ஒரு பெரிய பாட்டில் மீனெண்ணெயும் ஒரு கரண்டியும் வாங்கி வந்திருக்கிறாள். பரீஹாவுக்கா என்று கேட்டேன். பிள்ளைக்கு எதற்கு, அவள்தான் நல்லா இருக்காளே என்றாள்.